பள்ளிக்கூடத்தின் லட்சியம் எங்கே இருக்கின்றது?



ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் பாடத்திட்டம் என்பது பற்றி இன்று நாம் சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று கேட்டுக் கொள்ளப்பட்டிருக்கின்றோம். இது உபாத்தியாயர்கள் மகாநாட்டில் பேச வேண்டிய சங்கதி அல்லவா, உழவு செய்கிறவர்களும் கடை வைத்திருக்கிறவர்களும் கூடியிருக்கும் இடத்தில் இதற்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பள்ளிக்கூடத்துக்குப் போவது உங்கள் குழந்தை. அதன் பத்து வயதுக்குள் அதன் புத்தியில் எதை வைப்பது, எதை வைக்காமல் விடுவது என்பதை யாரோ சிலர் எங்கேயோ உட்கார்ந்து முடிவு செய்கின்றார்கள் என்றால், அதை விசாரிக்க உங்களுக்கு இல்லாத பாத்தியதை வேறு யாருக்கு இருக்கின்றது?

எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் வாசற் சுவரில் ஏதாவது ஒரு வாசகம் எழுதியிருக்கின்றது. ஒழுக்கம் என்றும், உண்மை என்றும், அன்பு என்றும், சேவை என்றும் வர்ணத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு தாமரைப் பூவும் போட்டிருக்கின்றார்கள். சம்பளம் வாங்கும் தனியார் பள்ளிக்கூடமானால் வழவழப்பான காகிதத்தில் “எங்கள் லட்சியங்கள்” என்று அச்சடித்தே கொடுக்கின்றார்கள். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். இங்கே கோழைகள் தயார் செய்யப்படும் என்று எந்தப் பள்ளிக்கூடமாவது சுவரில் எழுதி வைக்குமா? எழுதி வைத்த லட்சியம் என்றால் எல்லாருடைய லட்சியமும் சொக்கத் தங்கந்தான். ஆகையால் லட்சியத்தைப் படித்துப் பார்த்து ஒரு பள்ளிக்கூடத்தை எடை போட முடியாது. காலையில் மணி அடித்தது முதல் மாலையில் மணி அடிக்கின்ற வரையில் குழந்தையின் கை என்ன செய்தது, வாய் என்ன கேட்டது, யார் பக்கத்தில் அது உட்கார்ந்தது, எந்த வேலை யார் தலையில் விழுந்தது என்பவைகளைப் பார்த்தால்தான் அப்பள்ளிக்கூடத்தின் உண்மையான லட்சியம் இன்னதென்று தெரியும்.

இதற்கு ஒரு பள்ளிக்கூடத்தின் கதையைச் சொல்லுகின்றோம். அமெரிக்காவில் சிக்காகோ நகரத்துச் சர்வகலாசாலையில் ஜான் டூயி என்று ஒரு தத்துவ ஆசிரியர் இருந்தார். டாக்டர் அம்பேத்கர் அவர்கள் 1913-ம் வருஷம் நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலைக்குப் படிக்கப் போன காலத்தில் அங்கே அவருக்கு ஆசிரியராயிருந்தவர் இவரே என்று சொன்னால் உங்களுக்குப் பெயர் ஞாபகத்தில் நிற்கும். இவர் அதற்கு வெகு முன்னதாக, 1896-ம் வருஷம் ஜனவரி மாதத்தில், 16 குழந்தைகளையும் 2 உபாத்தியாயர்களையும் வைத்துக் கொண்டு சிக்காகோவில் ஒரு சிறு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். அதற்கு மேஜை வாங்கக் கடைகடையாக அலைந்தாராம். எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் விஷயம் தெரிந்த ஒரு கடைக்காரர், ஐயா, தாங்கள் கேட்பது பிள்ளைகள் வேலை செய்வதற்கான மேஜை, எங்களிடம் இருப்பதெல்லாம் பிள்ளைகள் உட்கார்ந்து கேட்டுக் கொண்டிருப்பதற்கான மேஜை என்ற கருத்தில் பதில் சொன்னாராம்.

அந்தக் கடைக்காரர் பட்டப் படிப்புப் படித்தவரோ இல்லையோ, கல்வி முறை முழுவதையும் ஒரே பேச்சில் சொல்லி விட்டார். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மேஜையே கிடையாது, வெறும் தரைதானே என்று அங்கே ஒரு தோழர் சிரிக்கின்றார். தரையானால் என்ன? கை கட்டி, வாய் பொத்தி, வரிசையாக உட்கார வைத்தால் அதுவும் கேட்டுக் கொண்டிருப்பதற்கான தரைதான்.

டூயியின் நோக்கம் என்ன? மக்கள் ஒருவரோடொருவர் கூடி வேலை செய்து, காரியத்துக்குக் காரணம் கேட்டு, தம் காரியத்தைத் தாமே நிர்வகித்துக் கொள்ளும் ஒரு சமூகத்திற்குக் குழந்தைகளைத் தயார் செய்ய வேண்டும் என்பதாகும். இதைச் சொல்லாதவர்கள் உலகத்தில் யாருமில்லை. அவர் செய்த விசேஷம் என்னவென்றால், இதைச் சுவரில் எழுதிவிட்டுப் பழைய பாடத்தையே நடத்தாமல், இந்த நோக்கத்திலிருந்தே ஒவ்வொரு நாளின் பாடத்தையும் வகுக்க முயன்றதுதான். மனிதன் பிழைப்பதற்கு எதையெதைச் செய்தான்? சாப்பாடு தேடினான், துணி நெய்தான், வீடு கட்டினான். இந்த மூன்றையும் பாடத்திட்டத்துக்கு நடுத்தூணாக நட்டார். நான்கைந்து வயதுக் குழந்தைகள் தங்கள் மதிய உணவைச் சமைக்க உதவி செய்து, பரிமாறி, பாத்திரமும் கழுவின. ஆறு வயதுக் குழந்தைகள் மரக்கட்டைகளால் பண்ணை கட்டி, கோதுமை விதைத்துப் பார்த்தன. அடுத்த வயதில் ஆதி மனிதன் நெருப்பையும் ஆயுதத்தையும் எப்படிக் கண்டான் என்பது. அதற்கு மேல் கடலோடிகள், தேசங்கள், தங்கள் நாட்டுச் சரித்திரம் என்று போயிற்று. எழுத்தும் கணக்கும் எங்கே போயின என்றால் அவைகள் எங்கும் போகவில்லை. சமையலுக்கு அளக்க வேண்டியிருந்தது, பண்ணைக்குக் கணக்கிட வேண்டியிருந்தது, செய்ததை எழுதி வைக்க வேண்டியிருந்தது. தேவை வந்தது, எழுத்தும் கணக்கும் கூடவே வந்தன.

அங்கு நடந்த பஞ்சுப் பாடத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நமக்குப் பருத்தி தெரியும். ஆகவே உங்களுக்கு நன்றாக விளங்கும். ஒரு வகுப்புக் குழந்தைகளிடம் பருத்திக் காயையும் ஆட்டு மயிரையும் கொடுத்தார்கள். பருத்தியிலிருந்து கொட்டையைக் கையால் பிரித்தெடுக்கச் சொன்னார்கள். அரை மணி நேரம் பிரித்தும் ஒரு அவுன்ஸ் பஞ்சு கூடச் சேரவில்லை. ஒரு ஆள் நாள் முழுதும் உட்கார்ந்தாலும் ஒரு பவுண்டுக்கு மேல் தேறாது என்று குழந்தைகளுக்கே தெரிந்து போயிற்று. தங்கள் பாட்டன் முப்பாட்டன்மார் பருத்தித் துணியை விட்டுக் கம்பளித் துணி உடுத்தியதற்குக் காரணம் என்ன என்ற கேள்விக்குப் புஸ்தகத்தைப் புரட்டாமல் விரல் நகத்திலேயே விடை கிடைத்தது. பிறகு இழையை நீட்டிப் பார்த்தார்கள். பருத்தி இழை குட்டை, கம்பளி இழை நெட்டை. நூற்பதற்கு எது சுலபம் என்பதையும் தாங்களாகவே கண்டார்கள்.

இவ்விடத்தில் நம் அபிப்பிராயமாக ஒன்று சேர்த்துக் கொள்ளுகின்றோம். இந்தக் கொட்டையைப் பிரிக்கத்தான் அமெரிக்காவில் 1793-ம் வருஷம் எலை விட்னி என்பவர் ஒரு எந்திரம் செய்தார். எந்திரம் வந்ததும் பஞ்சு லாபமாயிற்று; பஞ்சு லாபமானதும் தென் பகுதியில் பருத்தித் தோட்டங்கள் பெருகின; தோட்டங்கள் பெருகியதும் கறுப்பின மக்களை அடிமைகளாக விலைக்கு வாங்கி வேலை வாங்குவதும் பெருகிற்று. வேலையைக் குறைக்க வந்த எந்திரம் ஏன் அடிமைத்தனத்தைப் பெருக்கிற்று என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை கேட்டுவிட்டதென்றால், அது கற்ற சரித்திரம் அரசர்களின் பிறந்த நாளும் இறந்த நாளும் மனப்பாடம் செய்வதை விட மேலானதா இல்லையா? ஒரு பருத்திக் கொட்டைக்குள் இவ்வளவும் இருக்கின்றது. உடைத்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

இன்னொன்று முட்டைக் கதை. சமையல் பாடத்தில் ஒரு குழந்தை, இவ்வளவு பரீட்சை எதற்கு, சமையற் புஸ்தகத்தில் போட்டிருக்கிறபடி செய்துவிட்டால் தீர்ந்ததே என்று கேட்டதாம். நம் நாட்டு உபாத்தியாயர் சிலராயிருந்தால், இதுவல்லவா பிள்ளை, பெரியவர்கள் எழுதி வைத்ததில் நம்பிக்கை உள்ள பிள்ளை என்று முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார்கள். அந்த உபாத்தியாயரோ, அப்படிச் செய்தால் நாம் செய்வது எதற்காக என்று நமக்குத் தெரியாமலே போய்விடும் என்று சொன்னாராம். பிறகு தண்ணீரைப் பல சூடுகளில் வைத்து, எந்தச் சூட்டில் முட்டையின் வெள்ளைக் கரு எப்படி மாறுகின்றது என்று குழந்தைகள் பார்த்து அறிந்தார்கள். தோழர்களே! சமையற் புஸ்தகத்தைக் கூடக் காரணம் கேட்டுப் பார்க்கப் பழகிய குழந்தை, நாளை எவனாவது ஓலைச்சுவடியைக் காட்டி “இதில் எழுதியிருக்கின்றது” என்று சொன்னால் சும்மா விடுமா? பகுத்தறிவு என்று ஒரு பாடம் வைத்து, அதற்கு ஒரு மணி ஒதுக்கி, பரீட்சையில் ஐந்து மார்க்குப் போட்டு இதை உண்டாக்க முடியாது.

அங்கே ஆண் குழந்தையும் சமைத்தது, தைத்தது. பெண் குழந்தையும் மரவேலை செய்தது. இதை நன்றாக மனதில் வைத்துக் கொள்ளுங்கள். ஏனென்றால், கைத்தொழிலைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்து விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது நினைத்தால் அது பெரிய ஏமாற்றம் என்பதைத்தான் இனிச் சொல்லப் போகின்றோம். இரண்டு திட்டங்கள் நம் தேசத்திலேயே வந்தன.

முதலாவது, 1937-ம் வருஷம் அக்டோபரில் வார்தாவில் கூடிய மகாநாட்டின் பேரில் டாக்டர் ஜாகீர் உசேன் தலைமையில் ஒரு கமிட்டியார் எழுதிய ஆதாரக் கல்வித் திட்டம். லட்சியத்தைப் படித்தால் டூயி சொன்னதற்குக் கிட்டத்தட்ட ஒத்ததாகவே இருக்கும். மூளை வேலை செய்கிறவன், கை வேலை செய்கிறவன் என்ற வேற்றுமை ஒழிய வேண்டும் என்பது. தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்பது. ஏழு வருஷம் எல்லாருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்பது. யார் இதை வேண்டாமென்பார்கள்? ஆனால் கால அட்டவணையைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 5 மணி 30 நிமிஷம் பள்ளிக்கூடம். அதில் கைத்தொழிலுக்கு 3 மணி 20 நிமிஷம். தாய்மொழிக்கு 40 நிமிஷம். கணக்கு, சங்கீதம், சித்திரம் மூன்றும் சேர்த்து 40 நிமிஷம். சமூக பாடமும் விஞ்ஞானமும் சேர்த்து 30 நிமிஷம். தேகப் பயிற்சிக்குப் பத்து, இடைவேளைக்குப் பத்து. கைத்தொழிலின் மூலமாகவே மற்றப் பாடங்களும் வரும் என்று சமாதானம் சொன்னார்கள். வரலாம். டூயியின் பள்ளிக்கூடத்தில் வந்தது. ஆனால் இங்கே கூடவே இன்னொரு நிபந்தனையும் இருந்தது. பிள்ளைகள் நூற்ற நூலை விற்று உபாத்தியாயரின் சம்பளத்தைக் கூடியவரை ஈடு செய்ய வேண்டும் என்பது காந்தியாரின் விருப்பம். சம்பளம் நூலில் தொங்குமானால் உபாத்தியாயரின் கண் எதன் மேல் இருக்கும்? பிள்ளை கேட்கும் கேள்வியின் மேலா, தக்ளியில் சேரும் நூலின் மேலா? கல்வி நோக்கம் பின்னுக்குப் போய் வரும்படி நோக்கம் முன்னுக்கு வந்துவிடும் அபாயம் உண்டு என்று அந்தக் கமிட்டியாரே தங்கள் அறிக்கையில் எச்சரித்திருந்தார்கள் என்றால் நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே அரை மணியில் ஒரு அவுன்ஸ் கூடத் தேறாதது நல்ல பாடமாயிற்று. இங்கேயானால் அது நஷ்டக் கணக்கில் எழுதப்படும்.

இரண்டாவது, 1953-ம் வருஷம் சென்னை ராஜ்யத்தில் ராஜகோபாலாச்சாரியார் மந்திரிசபை கொண்டுவந்த மாற்றியமைக்கப்பட்ட ஆரம்பக் கல்வித் திட்டம். குலக்கல்வித் திட்டம் என்று ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். கிராமத்துப் பிள்ளைகள் தினம் 3 மணி நேரம் பள்ளிக்கூடம் வந்தால் போதும், மிச்ச நேரத்தில் தகப்பன் செய்யும் தொழிலை வீட்டில் கற்கட்டும் என்பது அதன் சாரம். சர்க்கார் சொன்ன காரணத்தையும் நாம் மறைக்கத் தேவையில்லை. இருக்கிற கட்டடத்தையும் உபாத்தியாயர்களையும் கொண்டு இரண்டு முறை வைத்துப் பள்ளிக்கூடம் நடத்தினால் இன்னும் அதிகப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்றார்கள். தொழிலுக்கு மதிப்பு வரும் என்றார்கள். சரி, மதிப்பு வரட்டும். அப்படியானால் சிரைப்பவர் பிள்ளைக்குத் தச்சு வேலையும், தச்சர் பிள்ளைக்கு வைத்தியமும், புரோகிதர் பிள்ளைக்குச் செருப்புத் தைக்கவும் சொல்லிக் கொடுப்பதுதானே? மதிப்புள்ள தொழிலானால் யார் கற்றால் என்ன? அவனவன் தகப்பன் தொழில் அவனவனுக்கு என்று வந்த இடத்தில்தான் பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது. சிக்காகோவில் எல்லாக் குழந்தையும் எல்லாத் தொழிலையும் தொட்டுப் பார்த்தது, தன் வாழ்க்கைக்கு எது என்று பின்னால் தானே தீர்மானிப்பதற்காக. இங்கே பிறந்த வீடே குழந்தையின் வாழ்க்கையைத் தீர்மானித்து வைத்தது. கத்தியும் உளியும் மண்வெட்டியும் அங்கேயும் இருந்தன, இங்கேயும் இருந்தன. அங்கே அவை கதவைத் திறக்கும் சாவியாயின, இங்கே அவையே பூட்டாயின.

அத்திட்டத்தைத் திராவிடர் கழகமும், திராவிட முன்னேற்றக் கழகமும், காங்கிரசுக்குள்ளேயே காமராசர் பக்கத்தில் இருந்தவர்களும் எதிர்த்ததும், ராஜகோபாலாச்சாரியார் பதவியை விட்டு விலகியதும், 1954 ஏப்ரலில் காமராசர் முதல் மந்திரியானதும், அடுத்த மே மாதத்திலேயே திட்டம் கைவிடப்பட்டதும் உங்களில் வயதானவர்கள் வீட்டில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரு கால அட்டவணைக்காக ஒரு மந்திரிசபை ஆட்டம் கண்டது. பாடத்திட்டம் என்பது உபாத்தியாயர்களின் சொந்த விவகாரம் அல்ல என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

சரி, டூயியின் பள்ளிக்கூடத்தைத் தூக்கித் தலையில் வைத்துக் கொண்டு ஆட வேண்டுமா என்றால், அதுவும் கூடாது. 1902-ம் வருஷ வாக்கில் அங்கே 140 பிள்ளைகளுக்கு 23 உபாத்தியாயர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு உதவியாளர்கள் வேறு. பிள்ளைகளில் அநேகர் சர்வகலாசாலை ஆசிரியர்களின் பிள்ளைகள், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள். 1904-ம் வருஷம் நிர்வாகத் தகராறில் டூயியே சிக்காகோவை விட்டுப் போய்விட்டார். ஐந்து வகுப்புக்கு இரண்டு உபாத்தியாயர் இருக்கிற நம் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அதை அப்படியே நட்டால் முளைக்காது. பணக்காரன் தோட்டத்துச் செடி என்று சொல்லிவிடலாம்.

ஆனால் விதை எல்லாருக்கும் பொதுவல்லவா? நம் பள்ளிக்கூடங்களில் சமையலறை இருக்கின்றது. 1920-ம் வருஷத்தில் சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு போட ஆரம்பித்தது முதல், காமராசர் காலத்து மதிய உணவு, 1982-ல் சத்துணவு, 2022-ல் காலைச் சிற்றுண்டி என்று நூறு வருஷமாக இந்நாட்டில் பிள்ளைக்குச் சோறும் எழுத்தும் ஒரே இடத்தில் கிடைக்க ஏற்பாடு ஆகி வந்திருக்கின்றது. இது வேறு பல தேசங்களில் இல்லாத பெருமை. ஆனால் அந்தச் சமையலறைக்கும் வகுப்பறைக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கின்றது. ஒரு ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்றால், இன்று வந்திருக்கும் 43 பிள்ளைகளுக்கு எவ்வளவு என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கொண்டே கணக்குப் போட்டு, நிறுத்துப் பார்க்கச் சொல்ல எவ்வளவு செலவாகும்? முட்டை தினமும் வேகின்றது. வெந்த முட்டை ஏன் கெட்டியாகின்றது என்று கேட்க எந்தச் சர்க்கார் உத்தரவு வேண்டும்? சத்துணவு முட்டையைத் தின்று முடித்துக் கையைக் கழுவிக் கொண்டு வந்து, புஸ்தகத்தில் புரதச் சத்து என்ற பாடத்தை மனப்பாடம் செய்கின்ற விசித்திரம் இங்கேதான் நடக்கின்றது.

அதே சமையலறையில் இன்னொரு பாடமும் நடக்கின்றது. அதற்குப் புஸ்தகம் கிடையாது. தாழ்த்தப்பட்ட வகுப்பு அம்மாள் சமைத்தால் எங்கள் பிள்ளை சாப்பிடாது என்று தடுக்கின்ற பெற்றோரைப் பற்றிப் பத்திரிகைகளில் செய்தி வந்த வண்ணம் இருக்கின்றது. கக்கூசு கழுவக் குறிப்பிட்ட சாதிப் பிள்ளைகளையே அனுப்பிய உபாத்தியாயர்களைப் பற்றியும் வருகின்றது. அன்றைய தினம் அந்தப் பள்ளிக்கூடத்தில் சமத்துவம் என்ற பாடம் எவ்வளவு நன்றாக நடத்தப்பட்டிருந்தாலும் பிள்ளைகள் கற்றுக் கொண்டது எது? நீதி போதனை வகுப்பில் பொய் சொல்லாதே என்று சொல்லிவிட்டு, அதிகாரி வருகின்றார் என்றதும் வராத பிள்ளையை வந்ததாகப் பதிவேட்டில் குறிக்கின்ற உபாத்தியாயரிடமிருந்து பிள்ளை கற்பது எது? 2023-ல் நாங்குநேரியில் ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பின்பு சர்க்கார் நியமித்த ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் கமிட்டி 2024-ல் கொடுத்த அறிக்கையில், மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டுமென்றும், சாதியைக் காட்டும் கயிறு முதலியவைகளைத் தடுக்க வேண்டுமென்றும் சொல்லியிருக்கின்றது. உட்காருகின்ற இடம் கூடப் பாடந்தான் என்பதை ஒரு நீதிபதி எழுதிக் காட்ட வேண்டியிருந்தது.

சட்டம் இல்லையா என்றால், தாராளமாக இருக்கின்றது. 2010-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 29-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். பாடத்திட்டம் அரசியல் சட்டத்தின் கொள்கைகளை ஒட்டியதாயிருக்க வேண்டும்; குழந்தை தானே செய்தும் ஆராய்ந்தும் கற்க வேண்டும்; கூடியவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும்; குழந்தைக்குப் பயம் இருக்கக் கூடாது என்று எழுதியிருக்கின்றது. அந்த அரசியல் சட்டத்திலோ 1976-ம் வருஷத் திருத்தத்தின் மூலம், விஞ்ஞான மனப்பான்மையையும் விசாரித்தறியும் தன்மையையும் வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று சேர்த்திருக்கின்றார்கள். கேள்வி கேட்பது கடமை என்று நாட்டின் முதற் சட்டம் சொல்லுகின்றது. கேள்வி கேட்ட பிள்ளையை அதிகப் பிரசங்கி என்று வகுப்பு சொல்லுகின்றது. இரண்டில் எது அந்தப் பிள்ளையின் காதில் விழும் என்று நாம் சொல்ல வேண்டுமா?

அதே சட்டத்தின்படி சர்க்கார் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றிலும் ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பேர் பெற்றோர்களாகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். இக்கூட்டத்தில் இருக்கின்ற தாய்மார்களில் சிலரே அதில் அங்கத்தினர்களாயிருப்பதாகத் தலைவர் அவர்கள் சொன்னார்கள். அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது கட்டடம் ஒழுகுகின்றது, குழாயில் தண்ணீர் வரவில்லை என்பவைகளைக் கேளுங்கள், அவையும் அவசியமே. கூடவே, மூன்றாம் வகுப்பின் கால அட்டவணை எங்கே என்று கேட்டு வாங்குங்கள். சென்ற வாரத்தில் பிள்ளைகள் தாங்களே அளந்தது, நட்டது, பிரித்துப் பார்த்தது ஏதாவது உண்டா என்று கேளுங்கள். வகுப்பு பெருக்குகின்ற முறை யார் யாருக்கு எந்தெந்தக் கிழமை என்று கேளுங்கள், பையன்களுக்கும் அதில் பங்குண்டா என்றும் கேளுங்கள். உபாத்தியாயர் கோபித்துக் கொள்வாரோ என்று பயப்பட வேண்டாம். நல்ல உபாத்தியாயராயிருந்தால், இப்படிக் கேட்க ஒருவராவது வந்தார்களே என்று நாற்காலி எடுத்துப் போடுவார்.